வலது கைக்கான கிளவுஸ்

எங்கள் பேஸ்பால் கோஷ்டிக்கு ஒன்பது பேர் வேண்டும். எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒன்பதாவது ஆளாக நான் போனேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கதைதான். எனக்கு வயது நாற்பத்தாறு. ரங்கூன் கியாக்டடா பேட்டையில் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீசில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதைத் தவிர வேறு ஓட்டம் பல வருஷமாகக் கிடையாது. அந்த ஓட்டத்திலும் பெரும்பாலும் பஸ்தான் ஜெயிக்கும்.

ரங்கூனில் தமிழர்கள் பேஸ்பால் ஆடுவார்களா என்று கேட்காதவர் இல்லை. (ஊருக்குப் பேர் மாறி எத்தனையோ வருஷமாகியும் எங்கள் வீடுகளில் அது ரங்கூன்தான். அப்படியே எழுதுகிறேன்.) ஆடுவார்கள். அதற்குக் காரணம் எங்கள் தெருவிலிருக்கும் பாய். தாமுவே மார்க்கெட்டில் கயிறு, ஆணி, வலை விற்கிற கடை அவருடையது. அவர் குடும்பம் வியாபாரத்துக்குக் கப்பலேறி வந்தது. என் குடும்பம் அந்தக் கப்பலிலிருந்து மூட்டை இறக்க வந்தது. இப்போது இரண்டு குடும்பமும் ஒரே தெருவில், ஒரே தண்ணீர்க் குழாய்க்குக் காத்து நிற்கிறோம்.

ஒருநாள் ஒரு ஜப்பான்காரர் பாய் கடைக்கு வந்து பெரிய வலை கேட்டிருக்கிறார். துணி ஆலை ஒன்றில் மேலாளர். பாயால் ஒரு பொருளை விற்றுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அது எதற்கு என்று தெரிந்தாக வேண்டும். ஆணி வாங்கினால் எந்தச் சுவர் என்று கேட்பார். வலை எதற்கு என்று கேட்டதில், ஞாயிற்றுக்கிழமைகளில் தாகேதாவில் ஒரு மைதானத்தில் தாம் பேஸ்பால் சொல்லித்தருவதாகவும், எதிர்த்து ஆட இன்னொரு கோஷ்டி இல்லை என்றும் அவர் சொன்னார். பாய் அந்த ஞாயிறே எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு பசுண்டாங் ஓடைப் பாலத்தைத் தாண்டிவிட்டார். அதில் என் மகனும் இருந்தான். அப்போது அவனுக்கு மீசை அரும்பாத வயது.

எங்கள் தெரு கிரிக்கெட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தெருவின் இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. தெருவுக்கே ஒரு மட்டைதான். அடித்துவிட்டு அதைக் கீழே போட்டால் உருண்டு சாக்கடையில் விழும், இல்லையென்றால் ஏதாவது வண்டிச் சக்கரத்தில் மாட்டும். அதனால் நான் சிறுமியாக ஆடிய காலத்திலேயே ஒரு சட்டம் இருந்தது: மட்டை கையை விட்டால் அவுட். விழுந்தாலும் அவுட், போட்டாலும் அவுட். எங்கள் தெருவில் பிறந்த எவரும் உயிரை விட்டாலும் மட்டையை விடமாட்டார்கள்.

பேஸ்பாலில் நேர்மாறு. பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மைதானத்தில் நாலு மூலை. ஒரு மூலையில் பலகை, அங்கே நின்றுதான் அடிப்பது. மற்ற மூன்று மூலைகளிலும் மணல் நிரப்பிய அரிசிச் சாக்கு. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பேர் மூட்டை. அடித்தவர் முதல் மூட்டையை மிதிப்பதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அவர் அவுட். மூன்று மூட்டையையும் சுற்றிப் பலகைக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். அடித்தால் ஓடித்தான் ஆக வேண்டும், கிரிக்கெட்டில் மாதிரி அடித்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. இவ்வளவுதான் பேஸ்பால். மீதியெல்லாம் வெயிலில் நிற்பது.

அந்த ஜப்பான்காரர் எங்கள் ஆட்களுக்கு மட்டையைக் கீழே போடக் கற்றுக்கொடுக்கவே ஒரு வெயில்காலம் முழுக்கப் பாடுபட்டார். பந்தே இல்லாமல் வரிசையாக நிற்க வைப்பார். வீசு, போடு, ஓடு. வீசு, போடு, ஓடு. பாய் அப்போதே ஐம்பதைத் தொட்டவர், அவரும் வரிசையில் நிற்பார். வீசுவார், ஓடுவார், மட்டையும் கூடவே வரும். நான் மகனுக்குச் சோறு கட்டிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

என் மகனுக்கு இடது கைப் பழக்கம். எங்கள் வீட்டில் அது பெரிய சண்டையாக இருந்தது. பீச்சாங்கையால் பேனா பிடிக்கிறான், பீச்சாங்கையால் பூ எடுத்துக் கொடுக்கிறான் என்று என் வீட்டுக்காரர் அவனைத் திருத்தப் பார்த்துத் தோற்றுப்போனார். ஜப்பான்காரர் அவன் எறிவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார். இடது கைக்காரன் கிடைப்பது யோகம் என்றாராம். பேஸ்பாலில் எறியாத கையில்தான் கிளவுஸ் மாட்டுவார்கள். எல்லோரும் வலது கையால் எறிவதால் ஜப்பான்காரர் கோணியில் கட்டிக் கொண்டுவரும் கிளவுஸ் எல்லாம் இடது கைக்கானவை. இவனுக்கென்று வலது கையில் மாட்டுகிற கிளவுஸ் ஒன்றை அவர் ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். கருஞ்சிவப்புத் தோல். அதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். என்ன எண்ணெய் என்று சொல்லவில்லை. நாங்கள் தேங்காயெண்ணெய் போட்டோம். வீடு முழுக்கத் தலைவாரி முடித்த மாதிரி வாசனை அடிக்கும்.

அவனை வலது கோடியில் நிறுத்தினார்கள். மைதானத்தின் கடைசி. பந்து அங்கே அடிக்கடி வராது, ஆனால் வந்தால் அங்கிருந்து மூன்றாம் மூட்டைக்கு நெடுந்தூரம் எறிய வேண்டும். கைபலம் உள்ளவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். என் மகன் அங்கிருந்து எறிந்தால் பந்து தரையைத் தொடாமல் போய்ச் சேரும். பெற்றவள் சொல்கிறேன் என்று தள்ளுபடி செய்ய வேண்டாம், தாகேதாக்காரர்களும் சொல்வார்கள்.

பிறகு கொரோனா வந்தது, ஜப்பான்காரர் ஊருக்குப் போய்விட்டார். கிளவுஸ் கோணியையும் மட்டைகளையும் பாய் கடையில் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பட்டாளத்துக்குப் பிடித்துப்போவார்களோ என்று, இருபது வயதுப் பையனை வீட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாத காலம் வந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகள் கிளம்பினார்கள். மலேசியா, தாய்லாந்து, எங்கே கதவு திறக்கிறதோ அங்கே. என் மகன் ஜப்பான் மொழி படித்து, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனான். விமான நிலையத்தில் அவன், கிளவுஸ் இங்கேயே இருக்கட்டும், வந்து எடுத்துக்கறேன் என்றான். எனக்கு அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து மைதானம் காய்ந்ததும் பாய் ஆட்களைக் கூட்டினார். எட்டுப் பேர். எல்லாம் முட்டி தேய்ந்தவர்கள், தொப்பை வைத்தவர்கள், பட்டாளத்துக்கு வேண்டாம் என்று அரசாங்கமே விட்ட வயசுக்காரர்கள். எங்களுக்கும் தாகேதாக்காரர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒன்பது பேரைக் கொண்டுவராத கோஷ்டி ஆடக் கூடாது, மைதானத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். பாய் வேறொரு தெருவிலிருந்து ஒருவரைப் பிடித்து வலது கோடியில் நிறுத்தப்போவதாகக் கேள்விப்பட்டேன். நேராகக் கடைக்குப் போனேன். அது என் மகன் இடம், அவன் வருகிற வரைக்கும் நான் நிற்கிறேன் என்றேன். பாய் ஒரு கயிற்றை அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்துவிட்டு, சரி தங்கச்சி, வெயிலுக்குத் தொப்பி கொண்டுவா என்று மட்டும் சொன்னார்.

நிற்பது நான்தான் என்று மகனிடம் சொல்லவில்லை. உன் இடத்தில் ஒருத்தர் நிற்கிறார் என்றேன். யார் என்று கேட்டான். உனக்குத் தெரிந்தவர்தான் என்று பேச்சை மாற்றினேன். சிரிப்பான் என்ற வெட்கம் ஒன்று. இன்னொன்று, நான் அந்த இடத்தைப் பிடித்துவைத்திருப்பது அவனுக்குத் தெரிந்தால் ஏதாவது பதில் சொல்லுவான். அந்தப் பதில் எனக்கு வேண்டாம்.

மகனுடைய பழைய கால்சட்டையை மடித்துப் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை அப்பிக்கொண்டு, ஞாயிறு காலையில் தாகேதாவுக்குப் போனேன். என் வீட்டுக்காரர், விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டால் நான் பார்க்கமாட்டேன் என்றார். பிறகு அவரே ஒரு போத்தலில் மோர் கரைத்துக் கொடுத்தார். அவர் அப்படித்தான்.

நான் மாட்டிக்கொண்டது மகனுடைய கிளவுஸ். அதாவது வலது கையில். நான் எறிவதும் வலது கையால்தான். இதில் என்ன வில்லங்கம் என்று புரிந்திருக்கும். பந்து வந்தால் வலது கையால் பிடிக்க வேண்டும், பிறகு கிளவுஸைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும், பந்தை எடுக்க வேண்டும், அப்புறம்தான் எறிய முடியும். அதற்குள் அடித்தவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்துவிடலாம். பாய் கோணியிலிருந்து வேறு கிளவுஸ் எடுத்து நீட்டினார். வேண்டாம், இதுதான் பழகியிருக்கிறது என்றேன். முதல் நாளே என்ன பழக்கம் என்று அவர் கேட்கவில்லை. வலையைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவர்.

தாகேதாக்காரர்களுக்கு விஷயம் சீக்கிரமே பிடிபட்டது. பந்து என் பக்கம் வந்தால் போதும், ஒரு மூட்டையில் நிற்க வேண்டியவர் இரண்டு மூட்டை ஓடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். அதைவிட ஆத்திரம், அவர்களுக்காகப் பந்து வீசுபவர் எனக்கு மட்டும் மெதுவாக வீசியது. அவர் தாகேதாவில் சைக்கா என்கிற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி மிதிப்பவர், கால்கள் தேக்குக் கட்டை. அமா, அதாவது அக்கா, பார்த்து, என்று சொந்த அக்காவை விசாரிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி வீசுவார். ஒழுங்காக வீசு, இல்லாவிட்டால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வேன் என்று பர்மிய மொழியில் சொன்னேன். அவர் கோஷ்டி சிரித்தது. அடுத்த பந்து என் காதோரமாகப் போனது. அன்றிலிருந்து எங்களுக்குள் மரியாதை ஏற்பட்டது.

நான் அடிக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தச் சீசன் முழுக்க என் மட்டையில் பந்து பட்டதெல்லாம் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ தெறித்ததுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மட்டை கனம் என்றேன், வெயில் கண்ணில் அடிக்கிறது என்றேன். யாபாடே, பரவாயில்லை, என்பார் பாய். அவருக்குத் தோற்பது பழகிவிட்டிருந்தது. எனக்கும் கவலையில்லை. நான் ஜெயிக்கப் போகவில்லை, நிற்கத்தான் போனேன்.

அப்போதுதான் பாயின் அக்கா மகன் மலேசியாவிலிருந்து திரும்பி வந்தார். அங்கே பர்மிட் முடிந்துவிட்டது. நாற்பதை நெருங்குகிறவர், எங்கள் தெருவிலேயே வளர்ந்தவர், பினாங்கில் கம்பெனி ஆட்களோடு விளையாடி நல்ல கை. ஒரு ஞாயிறு சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், ஓரமாக நின்று ஒரு பந்தை எடுத்து எறிந்தார். தரையைத் தொடாமல் போனது. மைதானத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அதில்தான் எனக்கு விஷயம் விளங்கியது.

அதன் பிறகு வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த மனிதர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அக்கா, அக்கா என்று மரியாதையாகப் பேசுகிறவர். ஆனால் அவர் அங்கே போய் நின்றுவிட்டால் அது அவர் இடமாகிவிடும். நல்ல ஆட்டக்காரர் நிற்கிற இடம் யாருக்காகவும் காத்திருக்காது. நான் மோசமாக ஆடுகிறவள், அதனால்தான் நான் நிற்கும் வரைக்கும் அது மகன் இடமாகவே இருந்தது. என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இவள் ஒருவருக்காக நிற்கிறாள் என்று நினைப்பார்கள். இதை யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. சூலே பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நான் நன்றாக ஆடியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு தடவை அடித்துவிட்டால் போதும், பிறகு பாயால் என்னை அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஆட்டம் அதிசயமாக நெருங்கி வந்தது. கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ரன் பின்னால் இருந்தோம். எங்களில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாம் மூட்டையில் பாய் நின்றுகொண்டிருந்தார். நான் முதல் மூட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் பலகைக்கு ஓடி வந்துவிடலாம், சமம். அடிக்க வேண்டியது நான். பாயின் அக்கா மகன் ஓரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் மட்டையை எடுத்துக்கொண்டு போனபோது மெனக்கெட்டு வேறு பக்கம் பார்த்தார்.

சைக்காக்காரர் வீசினார். மெதுவாக இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் மட்டையை வீசியிருப்பேன். சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் பந்து மூன்றாம் மூட்டைப் பக்கமாகத் தரையில் துள்ளிக்கொண்டு போகிறது. ஓடு, ஓடு என்று பின்னாலிருந்து எல்லோரும் கத்துகிறார்கள். ஓடினேன். என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. பஸ் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். முதல் மூட்டை நெருங்கி வந்தது. பந்து வருகிற சத்தம் கேட்டது. நான் குனிந்து, கையை நீட்டி, மட்டையின் முனையை மூட்டைக்கு அந்தப் பக்கம் தரையில் ஊன்றினேன். ஊன்றிவிட்டு நின்றேன்.

நின்றேன் என்பதுதான் முக்கியம். கிரிக்கெட்டில் மட்டை கோட்டைத் தாண்டித் தரையைத் தொட்டால் போதும், ஆள் வந்து சேர்ந்த கணக்கு. நான் சேர்ந்துவிட்டேன் என்று நின்று, பெருமையாக மூச்சுவிட்டு, பாய் பலகையை மிதித்ததைத் திரும்பிப் பார்த்தேன். முதல் மூட்டைக்காரர் பந்தைப் பிடித்து, நிதானமாக மூட்டையை மிதித்தார். என் கால் மூட்டைக்கு வந்திருக்கவே இல்லை. பேஸ்பாலில் கால்தான் கணக்கு. மட்டை எங்கே இருந்தாலும் யாருக்கும் அக்கறை இல்லை, அது பலகைப் பக்கம் மண்ணில் கிடந்திருக்க வேண்டியது.

ஒரு விநாடி யாருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. தாகேதாக்காரர்களுக்கு முதலில் புரிந்தது. அவர்கள் சிரித்ததில் குரோதம் இல்லை, ஆனால் நிறையச் சிரித்தார்கள். எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அவர்கள் எல்லோரும் அதே தெருவில், அதே சாக்கடைக்குப் பயந்து மட்டையைப் பிடித்தவர்கள். நான் அப்போதும் மட்டையை விடவில்லை. டீக்கடை வரைக்கும் அது கையிலேயே இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

டீக்கடை மைதானத்துக்கு வெளியே. தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலிகள், கெட்டிப் பால் டீ. மற்றவர்கள் டீ குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பாய் கிளம்பவில்லை. வெறும் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அக்கா மகன் நிற்கட்டும் என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொண்டு நானே முந்தினேன். பாய், அது என் மகன் இடம் என்றேன். அவன் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான் என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாய் கோபப்படவில்லை. "தம்பியோட இடம்தான், தங்கச்சி. நான் இல்லன்னு சொல்லல," என்றார். "அவன்ட்டயே கேட்டுட்டா என்ன?"

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். இணைப்பு கிடைக்காது என்று நம்பினேன். பாதி நாள் கிடைக்காது. அன்றைக்குப் பார்த்து உடனே கிடைத்தது. அவனுக்கு அங்கே மதிய இடைவேளை. போனை மேசையில் வைத்து, டீக் கோப்பையில் சாய்த்து, பாய் எல்லாவற்றையும் சொன்னார். யார் நிற்கிறார்கள், எவ்வளவு நாளாக நிற்கிறார்கள், இன்றைக்கு மட்டையை ஊன்றியது வரை. போனின் சிறிய கண்ணாடியில் என் மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சிரித்து முடித்ததும் கேட்டான்.

"எந்தக் கிளவுஸும்மா போடுறே?"

"உன்னோடதுதான்."

"அது வலது கைல மாட்டுறதாச்சே. எப்படி எறியிறே?"

"கழட்டிட்டு எறியிறேன்."

 அவனுக்குப் பின்னால் யாரோ வயதானவர் ஜப்பானிய மொழியில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் திரும்பி அந்த மொழியில் பணிவாக ஏதோ பதில் சொன்னான். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த ஊர்க்காரன் குரல் மாதிரி இருந்தது.

"ஏம்மா அதப் போட்டுக்கிட்டு நிக்கிறே?" என்றான்.

"நீ வந்தா வேணும்ல."

"நான் வரலம்மா." மெதுவாகத்தான் சொன்னான். "இப்ப வர முடியாதுன்னு உனக்கே தெரியும். அப்புறமும் வருவேன்னு தோணல. எனக்காக நீ அங்க நிக்காத. நிக்கணும்னா உனக்காக நில்லு."

பிறகு அவனை யாரோ கூப்பிட்டார்கள். போக வேண்டும் என்றான். கண்ணாடி கறுத்துப்போனது.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். தாகேதாவில் ஞாயிறு காலையில் ஒரு டீக்கடையில், ஆண்பிள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் தனாக்கா கரைய ஒருத்தி அழுதால் எல்லோரும் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள். பாய் இன்னும் இரண்டு டீ சொன்னார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, அவர்கள் எப்போது வருகிறார்கள் என்று நான் அவரைக் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. டீயைக் குடித்துவிட்டு இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். மட்டையை அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் கிளவுஸை எடுத்து, வழக்கம்போலத் தேங்காயெண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, அலமாரியில் கம்பளிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரங்கூனில் கம்பளி எடுக்க வேண்டிய நாள் வருஷத்தில் இருந்தால் அதிசயம். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மோர் கரைக்கவா என்று கேட்டார். கரையுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனபோது பாயின் அக்கா மகன் ஏற்கெனவே வந்திருந்தார். வலது கோடிக்குப் போகாமல் ஓரத்திலேயே நின்றார். எல்லோரும் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள், காத்திருக்காத மாதிரி கயிற்றையும் சாக்கையும் சரிசெய்துகொண்டு. நான் பாயிடம் போய், வலது கோடியில் நான் நிற்கிறேன் என்றேன். யாருக்காக என்று இந்தத் தடவை சொல்லவில்லை. பாய் தலையசைத்தார். தன் முட்டி இனி குந்தி எழ ஒத்துழைக்காது என்று சொல்லி, பலகைக்குப் பின்னால் பந்து பிடிக்கிற தன் இடத்தை அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டு, வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார். முட்டி அவருக்கு நிஜமாகவே வலித்துக்கொண்டிருந்ததுதான்.

கோணியைக் கவிழ்த்து எல்லோருக்கும் பொதுவான கிளவுஸ்களில் ஒன்றை எடுத்தேன். யாரோ போட்டுப் போட்டு விரல்கள் தளர்ந்தது, தேங்காயெண்ணெய் வாசனை இல்லாதது. இடது கையில் மாட்டினேன். வலது கோடிக்கு நடந்து போனேன்.

கொஞ்ச நேரத்தில் சைக்காக்காரர் அடித்த பந்து தரையில் துள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தது. அடித்தவர் பழக்கத்தில் இரண்டாம் மூட்டையை நோக்கி ஓட ஆரம்பித்தார். இடது கையால் பிடித்தேன். வலது கையால் எடுத்து எறிந்தேன். கழற்றவில்லை, இடுக்கவில்லை, பிடித்ததும் எறிந்தது. ஒரு தடவை தரையில் பட்டு, பந்து அவருக்கு முன்னால் இரண்டாம் மூட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, அமா, என்றார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். பாய் எழுந்து நின்று தட்டினார்.

இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. அந்தச் சுலபம்தான் எனக்குத் தாங்கவில்லை.